கிட்டே போகிற பழக்கம்

என் கொழுந்தனார் என்னை அறைந்தபோது அவருடைய இரண்டு தோள்களும் ஜமுக்காளத்தில் அழுந்திக் கிடந்தன. மல்யுத்தத்தில் அதோடு ஆட்டம் முடிந்துவிடும். எதிராளியின் தோள்கள் இரண்டும் தரையில் பட்டதும் நடுவர் தரையைத் தட்டி விசில் ஊதுவார். எழுந்து கை குலுக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். ஏழாயிரம்பண்ணையில் காதுகுத்து நடந்த அந்த மண்டபத்தில் நடுவர் யாரும் இல்லை. அது தெரிந்தும் நான் அவர் மார்பின் மேல் என் எடையைச் சாய்த்துக்கொண்டு, பழக்கதோஷத்தில், விசிலுக்காகக் காத்திருந்தேன். அவருக்கு ஒரு கை சும்மா இருந்தது. அந்தக் கையால் என் இடது காதோடு சேர்த்து ஒன்று விட்டார்.

கொழுந்தனார் என்றால் என் கணவரின் சித்தப்பா மகன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே குடித்திருந்தார். தான் கேட்ட பாட்டைப் போடவில்லை என்று மைக் செட்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மெலிந்தவர். கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. சுற்றி நின்ற ஆண்கள் "விடப்பா, விடப்பா" என்று வாயால் சொன்னார்களே தவிர ஒருவரும் கையை நீட்டவில்லை. நான் பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். இலைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அவருடைய இரண்டு முழங்கால்களையும் அணைத்துத் தூக்கிக் கிடத்தினேன். தலை தரையில் மோதாமல் இருக்கப் பின்னந்தலைக்கு என் கையையும் கொடுத்தேன். இவ்வளவு பக்குவமாகச் செய்த வேலைக்குத்தான் அந்த அறை.

அதற்குப் பிறகு பஞ்சாயத்து நடந்தது. மைக் செட்காரரின் கண்ணாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. என் காதைப் பற்றியும் பேசவில்லை. "ஒரு பொம்பள, அத்தன பேரு மத்தியில ஆம்பளயக் கீழ தள்ளி ஏறி உக்காரலாமா?" என்பதுதான் கொழுந்தனாரின் அம்மா கேட்ட கேள்வி. என் கணவர், "உக்காரல சித்தி, சாஞ்சுதான் இருந்தா" என்று எனக்காக வாதாடினார். அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம்.

காதில் இரண்டு நாள் இரைச்சல் இருந்தது. அதைவிட எனக்குப் பொறுக்காதது, நான் காத்திருந்தேனே, அதுதான். கல்லூரி விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் மூன்று வருடம், அப்புறம் முதுகலையில் இரண்டு வருடம், ஐம்பத்தேழு கிலோப் பிரிவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி வரைக்கும் போயிருக்கிறேன். ஆளைப் பிடிக்கத் தெரியும். தூக்கத் தெரியும். தரையில் அழுத்தி வைக்கத் தெரியும். அழுத்தி வைத்த ஆள் அடிப்பான் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

படிப்பு முடிந்து கல்யாணமாகி சிவகாசிக்கு வந்தபின் மல்யுத்தமும் நின்றுபோனது. இந்த ஊரில் நான் உருண்டு புரள ஒரு மெத்தை விரிப்பு கிடையாது. விரிப்பு இருந்தாலும் என்னோடு பிடிக்க ஒரு பெண் கிடையாது. காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறேன். தினசரித் தாளில் ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்கிற வேலை. என் கணவர் வேறொரு கம்பெனியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிறார். ஏழாயிரம்பண்ணையிலிருந்து திரும்பி வருகிற பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டே அவரிடம் சொன்னேன்: "மல்யுத்தத்தோட சேத்து இன்னொண்ணு படிக்கணும்ங்க. அடிக்கிறத."

அவர் ஒரு எதிர்ப்பும் சொல்லவில்லை. அன்றைக்கே எதிர்ப்புச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் ஆர்வமாகிவிட்டார்.

என் கணவர் ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார்; அடுத்த பஸ் வரும் என்று நிற்பார். ஆனால் போனில் சண்டை வீடியோ பார்ப்பதில் அவருக்கு இணை கிடையாது. மிஷினுக்கு மை ஊற்றிவிட்டு நிற்கிற நேரத்தில் எனக்கு ஒன்று அனுப்புவார். சாப்பாட்டு நேரத்தில் இன்னொன்று. காலையில் கராத்தேதான் சரி என்பார். சாயங்காலம் தாய்லாந்துக்காரன் முழங்காலால் இடிப்பதைப் பார்த்துவிட்டு, "அது வேற மாதிரி இருக்கு, பாத்தியா?" என்பார். மறுநாள் குங்ஃபூ. "இங்கன எவன் சொல்லிக் குடுப்பான், சொல்லுங்க?" என்று கேட்டால், "அத நீதான் விசாரிக்கணும்" என்பார். அவருடைய கம்பெனியில் பைண்டிங் பிரிவில் இருப்பவர்கள்வரை விஷயம் போய், ஆளுக்கொரு யோசனை சொல்லி அனுப்பினார்கள். ஒருவர், புருசனோடு சண்டையா என்று கேட்டாராம்.

முதலில் கராத்தே. ஒரு பள்ளிக்கூட மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு. மாஸ்டர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "மல்யுத்தம் வேற, இது வேற. நீங்க புதுசுதான், வெள்ளை பெல்ட்டுல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார். சரி என்று ஆரம்பித்தேன். காற்றைக் குத்தினோம். வரிசையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே காற்றை உதைத்தோம். ஏழாவது வாரத்தில், "மாஸ்டர், ஆளை எப்ப அடிப்போம்?" என்று கேட்டேன். "அவசரப்படக் கூடாது" என்றார். எட்டாவது வாரம் நான் போகவில்லை. அவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். காற்றோடு சண்டை போட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அடுத்து சிலம்பம். ஊருக்கு வெளியே தண்ணீரில்லாத கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பொட்டல். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இருபது பேர் வருவார்கள். கற்றுக்கொடுப்பவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேல், முறுக்கிய கயிறு மாதிரி உடம்பு. என்னை "வாங்க தாயி" என்றுதான் கூப்பிடுவார். கால் வைக்கிற முறையும் மணிக்கட்டைச் சுழற்றுகிற முறையும் இரண்டு மாதம் ஓடின. எனக்கு அது பிடித்தே இருந்தது. மூன்றாவது மாதம் எதிரே ஆளை நிறுத்திக் கம்பு சுற்றச் சொன்னார். தானே எதிரே நின்றார்.

அவர் கம்பு ஒரு சுற்றுச் சுற்றி அந்தப் பக்கம் போன நேரத்தில் எனக்கு அவருடைய இடுப்பு தெரிந்தது. என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. குனிந்து உள்ளே பாய்ந்துவிட்டேன். போன கம்பு திரும்பி வந்து என் தோளில் விழுந்தது.

"உள்ள வராதீக தாயி" என்றார். "கம்பு எதுக்கு இருக்கு? ஆளத் தள்ளி நிறுத்தத்தான்."

"உள்ள வந்துட்டா கம்பு வேலைக்கு ஆகாதுல்ல மாஸ்டர்?"

"வந்தாத்தான?"

மறுபடி சுற்றினோம். மறுபடி பாய்ந்தேன். கை முட்டியில் ஒன்று. மூன்றாவது தடவை கம்பு என் முதுகை உரசிக்கொண்டு போக, நான் உள்ளே போய்விட்டேன். கம்பைக் கீழே போட்டுவிட்டு அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறேன். பொட்டலில் எல்லாரும் சுற்றுவதை நிறுத்திவிட்டார்கள். அவருடைய பாதங்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பிவிட்டன. அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கீழ போட்டுராதீக தாயி, எல்லாப் புள்ளைகளும் பாக்குது" என்றார்.

மெதுவாக இறக்கி வைத்தேன். கோபப்படாத மனிதர். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "நீங்க ஒரு வருசம் அந்த மல்யுத்தத்த மறந்துட்டு வாங்க. அம்புட்டும் சொல்லித் தாரேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. எரிச்சலில் வருகிற அழுகை. ஐந்து வருடம் காலையும் மாலையும் முழங்கால் தேயப் படித்ததை ஒரு வருடம் எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஜூடோவுக்கு மதுரைக்குப் போனேன். அதுவும் ஞாயிறுதான். அங்கே விரிப்பைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனசு ஆறிவிட்டது. கட்டியான மேல்சட்டையைக் கொடுத்து, கல்லூரி மாணவி ஒருத்தியை எதிரே நிறுத்தினார்கள். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். நான் அவள் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சந்தோஷமாக நிமிர்ந்து பார்த்தால் பயிற்சியாளர் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்.

"காலைப் பிடிக்கக் கூடாதும்மா. இடுப்புக்குக் கீழ கை போனா தப்பு."

"எப்பவுமேவா சார்?"

"எப்பவுமே."

நான் படித்ததில் பாதி இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. அன்று ஒரு நாளில் மட்டும் என் கை ஆறு தடவை அந்தப் பெண்ணின் காலுக்குப் போனது. ஆறாவது தடவை அவளே, "அக்கா, கால்" என்று அலுத்துப்போய்ச் சொன்னாள். இருந்தாலும் விடாமல் நாலு ஞாயிறு போனேன். ஜூடோவிலும் ஆளை மல்லாக்கப் போட்டு இருபது விநாடி பிடித்து வைத்தால் வெற்றி என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். இருபது விநாடியில் என் கொழுந்தனார் நாலு அறை விட்டிருப்பார். அதையும் யோசித்தேன். அதற்குள் எங்கள் அச்சகத்தில் காலண்டர் சீசன் ஆரம்பித்து, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மதுரை அதோடு முடிந்தது.

முடிவதற்கு முன் என் கணவரின் வற்புறுத்தலால் அதே மதுரையில், உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில், ஜியு-ஜிட்சு என்று தரையில் கிடந்தே போடுகிற சண்டை ஒன்றை ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மல்யுத்தத்தில் மல்லாந்துவிட்டால் தோற்றோம். அதனால் விழுந்ததும் குப்புறப் புரண்டுவிடுவோம். அங்கே அப்படிப் புரள்வது, வந்து கழுத்தை நெரித்துக்கொள் என்று முதுகைக் காட்டிக் கொடுப்பதாம். நெரித்தார்கள். மூன்று நாள் கழுத்து திரும்பவில்லை. அச்சகத்தில் யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான் என் தப்பு. ஒன்றில் உள்ளே வராதே. ஒன்றில் காலைத் தொடாதே. இன்னொன்றில் புரளாதே.

அந்தக் கழுத்தோடு இருந்த நாளில்தான் அம்மா வந்தாள். அம்மாவுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. என் சின்ன வயதிலிருந்து அதே வேலை. நான் மல்யுத்தத்துக்குப் போனபோதே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதில் விடுதியும் சாப்பாடும் கிடைத்ததால் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"எதுக்குடி இது?"

"யாராவது அடிச்சா திருப்பி அடிக்கணும்ல."

"எவன் அடிக்கான்? அந்தக் குடிகாரப் பய ஒரு நாளு அடிச்சதுக்கா?"

"அதுக்கில்லம்மா."

"பின்ன எதுக்கு? மேலுக்குக் காயமில்லாம வீட்டுக்குத் திரும்பணும்னு கும்பிட்டுக்கிட்டே நான் தெனமும் வேன் ஏறுறேன். நீ காயம்படணும்னே பஸ் ஏறிப் போறே."

தேய்க்கிற வேகத்தில் கழுத்து இன்னும் கொஞ்சம் வலித்தது. வெளியறையிலிருந்து என் கணவர், "அத்த, பாக்ஸிங்னு ஒண்ணு இருக்கு..." என்று ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

ஆனால் பாக்ஸிங்குக்குத்தான் கடைசியாகப் போனேன். அது சரியான தேர்வு என்று தோன்றியதால் இல்லை. மீதி இருந்தது அதுதான். விருதுநகரில் ஒரு மைதானத்தில் வாரத்தில் மூன்று நாள் காலை ஆறரை மணிக்குப் பயிற்சி. சிவகாசியிலிருந்து விடிவதற்குள் பஸ் ஏறிப் போய், எட்டு மணிக்குத் திரும்பப் பஸ் பிடித்தால் ஒன்பதரைக்கு அச்சகத்தில் இருக்கலாம். பயிற்சியாளர் பருப்பு மில்லில் சூப்பர்வைசர். நான் எங்கெங்கே போய்வந்தேன் என்று சொன்னதும், "அப்ப இங்கயும் நாலு வாரந்தான்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

வருகிறவர்களில் இரண்டே பேர்தான் பெண்கள். நான் ஒன்று. இன்னொருவர் சூலக்கரையில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். நாற்பத்து மூன்று வயது. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னாராம். ஒரு மாதம் நடந்து பார்த்து, "சும்மா சுத்திச் சுத்தி வர எனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று விட்டுவிட்டு, இதே மைதானத்தில் குத்திக்கொண்டிருந்தவர்களோடு சேர்ந்துவிட்டார். இரண்டு வருடமாகிறது. சுடிதார் பேன்ட்டும் தொளதொள டீ-ஷர்ட்டும் போட்டு, கொண்டையைக் கிளிப்பால் இறுக்கிக்கொண்டு வருவார். கொஞ்சம் தொந்தி உண்டு. அவரைப் பார்த்ததும், இவரோடு என்ன சண்டை போடுவது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் எங்கள் இருவருக்கும் கையுறையும் தலைக்கவசமும் மாட்டி எதிரெதிரே நிறுத்தினார்கள். மெதுவாக, பழகுவதற்கு மட்டும். நான் குனிந்தேன். அந்த நிலையில்தான் என் உடம்பு நிற்கும். தலை முன்னால், இடுப்பு தாழ்ந்து, கை திறந்து. "தலையத் தூக்கு!" என்று பயிற்சியாளர் கத்தினார். நான் தூக்குவதற்குள் அந்த அக்காவின் இடது கை வந்து என் மூக்கில் உட்கார்ந்துவிட்டது. பெரிய அடி இல்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் நிரம்பி, மேலுதட்டில் உப்புக் கரித்தது. ரத்தம்.

அக்கா நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "மூஞ்சிய நீட்டிக் குடுத்தா நான் என்ன செய்ய?" என்றார்.

குழாயடியில் மூக்கைக் கழுவினேன். அவரும் கூடவே வந்து நின்றார்.

"கால்ல விழ வந்தவ மாதிரி குனிஞ்சியே, எதுக்கு?"

"காலப் பிடிக்க வந்தேன்க்கா."

"பிடிச்சு?"

"கீழ போடுவேன்."

"எங்க, என்னயப் போடு பாப்போம்."

எட்டு மாதமாக நாலு இடம் அலைந்திருக்கிறேன். மல்யுத்தம் தெரியும் என்று சொன்னபோது எல்லாரும் அதை மறக்கச் சொன்னார்கள். செய்து காட்டு என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். மைதானத்தில் நீளம் தாண்டும் மணல் குழி இருந்தது. அதில் போய் நின்றோம். அவரை நேராக நிற்கச் சொல்லி, குனிந்து, ஒரு காலை எடுத்து, தோளால் தள்ளி, தலைக்குக் கை கொடுத்துக் கிடத்தினேன். மணலில் மல்லாந்தபடி அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளிப் கழன்று கொண்டை அவிழ்ந்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. சர்க்கரைக்காரர், அரசாங்க வேலை, நான் வேறு வெளியூர்.

"யக்கா?"

"இருலே, இரு" என்றார். பெண்ணென்றாலும் ஆணென்றாலும் அவருக்கு 'லே'தான். "எம்புட்டு நாளாச்சு நான் கீழ விழுந்து! இன்னொரு தரம் போடு."

மூன்று தரம் போட்டேன். மூன்றாவது தரம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார். "நீ வரப் போறேன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருது. வலது தோள் எறங்குது. அந்த நேரத்துல ஒன்னய அடிக்கது லேசு. ஆனா நீ மொதல்ல ஒரு குத்து என் மூஞ்சிக்கு நேரா விட்டிருந்தேன்னு வையி, நான் ரெண்டு கையையும் மேல தூக்கியிருப்பேன். அப்புறம் காலு ஒன்னோடதுதான்."

நான் ஈர மூக்கோடு நின்றேன். இதை ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? ஏன் நானாக யோசிக்கவில்லை? மல்யுத்தத்தோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் முதல் நாளிலிருந்து என் கேள்வி. எதை விடுவது என்ற பதிலையே எல்லாரும் தந்திருந்தார்கள். நானும் ஒவ்வொரு இடத்திலும் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, ஆத்திரப்பட்டுக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் பஸ் ஏறியிருந்தேன். சந்தோஷம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு எட்டு மாதத்தை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

பாக்ஸிங் என்று முடிவு செய்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர், "நான் மொதல்லயே சொன்னேன்" என்றார். அவர் எல்லாவற்றையும்தான் முதலில் சொல்லியிருந்தார். எதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அவர் சொன்னதாகத்தான் ஆகியிருக்கும். வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று தோசையைத் திருப்பிப் போட்டேன்.

முடிவு செய்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு. என் தலை நிமிர மறுத்தது. பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின் கால் மணி நேரம் மணல் குழியில் அக்காவும் நானும். அவர் எனக்கு இடது கையைச் சொல்லித் தருவார். நான் அவருக்கு அடிபடாமல் விழச் சொல்லித் தருவேன். அவர் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார். அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் ஈரத் தரையில் வழுக்கியபோது சரியாக விழுந்து, ஃபைலைக்கூட விடாமல் எழுந்ததாக ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். என் மூக்கில் அந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை ரத்தம் வந்திருந்தது. பிழை திருத்துகிற தாளில் ஒரு சொட்டு விழுந்து, ஒரு புதன்கிழமையின் சுபமுகூர்த்தத்தை மறைத்துவிட்டது. மேனேஜர் அதைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, குங்குமமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மா என் மூக்கைப் பார்த்து ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பது எனக்குத் தெரியவேண்டும் என்று சத்தமாகப் பாத்திரத்தை வைப்பாள்.

ஏழு மாதம் கழித்துக் கோவில்பட்டியில் அந்த ஊர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் நட்புப் போட்டி ஒன்று ஏற்பாடானது. என் எடையில் அந்த ஊரில் ஒரு பெண் இருந்ததால் என்னையும் அழைத்துப் போனார்கள். மூன்று சுற்று. முதல் சுற்றில் தலையை நிமிர்த்தி வைத்திருந்தேன். இடது கை நாலைந்து முறை நன்றாகவே போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் அக்கா தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது சுற்றில் அவள் என்னை ஓரத்துக்குத் தள்ளி வயிற்றில் குத்தினாள். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நான் இடது கையை அவள் முகத்துக்கு விட்டேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கினாள். அக்கா சொன்னபடியே.

அதற்குப் பிறகு நான் செய்யவேண்டியது வலது கையால் வயிற்றில் ஒரு குத்து. என் உடம்புக்கு அது தெரியவில்லை. குனிந்து உள்ளே போய், கையுறையோடு அவள் இடுப்பைக் கட்டித் தூக்கிவிட்டேன். அந்தப் பெண்ணின் கால்கள் காற்றில் ஆடின. வந்திருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். "இறக்கு! இறக்கு!" என்று எங்கள் பயிற்சியாளரின் குரல் கேட்டது. இறக்கினேன். நடுவர் என்னை எச்சரித்து எதிராளிக்குப் புள்ளி கொடுத்தார். தோற்றேன். அந்தப் புள்ளி இல்லாவிட்டாலும் தோற்றுத்தான் இருப்பேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என்னால் யாரையும் பார்க்க முடியவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரைக்காக டப்பாவில் கொண்டுவந்த சுண்டலைத் தின்றுகொண்டிருந்தார். எனக்கும் நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"ஒனக்காக ஒரு நாள் லீவு போட்டு வந்திருக்கேன். ஒழுங்கா தின்னு" என்றார்.

தின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் தோள் குலுங்கியது. "அந்தப் புள்ள மூஞ்சிய நீ பாக்கலல்ல? மேல போனதும் ஒன் தலையப் பிடிச்சுக்கிட்டா, ராட்டினத்துல போறவ மாதிரி." எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சாத்தூர் தாண்டுகிறபோது நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை போனபோது பயிற்சியாளர் கையுறைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் வருவேன் என்று அவர் நினைக்கவில்லை போல.

"அந்த மல்யுத்தத்த மறப்பியா, மாட்டியா?" என்று கேட்டார்.

"மாட்டேன் சார்."

அவருக்குக் காலையிலேயே களைத்துப்போன முகம். பிறகு ஒரு ஜோடி கையுறையைத் தட்டித் தூசி போக்கி என் பக்கம் தள்ளினார்.

"அப்ப அந்த இடது கையையாவது முழுசாப் படி. குத்துற பையில முந்நூறு. தலையத் தூக்கிக்கிட்டு."

முந்நூறும் குத்தினேன். எட்டு மணி பஸ் போய்விட்டது. அச்சகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போய், கார்த்திகை மாதத்துத் தாள்களோடு உட்கார்ந்தபோது, வீங்கிய இடது கையில் பேப்பர் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.